பங்காளியா, கூட்டாளியா?

— இரண்டாமாண்டு பி.எஸ்சி. தாவரவியல் மாணவன்

நம் ஊர்ப் பேச்சில் 'பங்காளி' என்பது அவ்வளவு நல்ல பெயர் எடுத்த சொல் அன்று. பாட்டன் சொத்தில் பங்குடையவன் பங்காளி. பங்கு என்று வந்தவுடன் வரப்புத் தகராறு வருகிறது; வரப்புத் தகராறு வந்தவுடன் வக்கீல் வருகிறார். 'கூட்டாளி' என்றால் நிலை வேறு. ஒரே வேலையில் தோள் கொடுத்தவன், ஒரே ரயிலில் தொங்கிக்கொண்டு வந்தவன் கூட்டாளி. ஆங்கிலத்தில் இவ்விருவருக்கும் 'பார்ட்னர்' என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. அந்த ஒரு சொல்லின்கீழ்க் கையெழுத்திட்டுவிட்டு, தமக்குக் கிடைத்திருப்பவர் பங்காளியா கூட்டாளியா என்று பின்னர்த் தெரிந்துகொள்ளும் அமைப்புகள் ஏராளம்.

இவ்வாண்டு நம் கல்லூரித் தொழில்முனைவோர் மன்றத்தில் ஐந்து சனிக்கிழமைகள் ஒரு பயிற்சி நடந்தது. சமூகத் தொழில்முனைவில் கூட்டு எவ்வாறு அமைகிறது, நடந்துவரும் ஒரு கூட்டை எவ்வாறு ஆராய்வது, புதிய கூட்டு ஒன்றை எவ்வாறு திட்டமிடுவது என்பதே பாடம். நடத்தியவர் நம் வணிகவியல் துறைப் பேராசிரியர். தாவரவியல் படிப்பவனுக்கு அங்கென்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்டனர். வேலை இருந்தது என்பதை இக்கட்டுரை காட்டும் என நம்புகிறேன்.

முதலில் சமூகத் தொழில்முனைவு என்பது யாது? ஊரின் ஒரு குறையைத் தீர்ப்பதை நோக்கமாகக் கொண்டு, நன்கொடையை மட்டும் நம்பியிராமல், ஒரு பொருளையோ பணியையோ விற்று அந்த வருவாயில் நிற்பது. தருமமும் அன்று, வெறும் வாணிபமும் அன்று. தேநீர்க் கடையில் குடிப்பவர் காசு கொடுக்கிறார். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. தெருக் குப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 50 ரூபாய் கொடுக்கும் வீட்டாருக்குத் தெரு சுத்தமாகிறது. காசு கொடுக்காத அடுத்த வீட்டாருக்கும் அதே சுத்தம் கிடைக்கிறது. குப்பைக் கிடங்குக்கு லாரி அனுப்பும் செலவு உள்ளாட்சிக்கு மிச்சமாகிறது. கொசு குறைந்தால் அரசு மருத்துவமனையில் வரிசை குறைகிறது. பயன் இப்படி நாலு திசையில் சிதறிப் போகும்போது, செலவை ஒருவர் தலையில் மட்டும் கட்ட இயலாது. ஆகவேதான் இத்தகைய முயற்சிகளுக்குக் கூட்டு இன்றியமையாததாகிறது.

1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், இலாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டவர்களுக்கிடையே உள்ள உறவே கூட்டாண்மை என்கிறது. வணிகவியல் மாணவர்கள் இதனை மனப்பாடமாகச் சொல்வார்கள். நாம் பேசும் துறையில் பகிர இலாபமே பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே பகிரப்படுவன வேலை, இடம், நற்பெயர், நட்டம் ஆகியவை. இலாபத்தைப் பங்கிடக் கணக்கர் போதும்; நற்பெயரையும் நட்டத்தையும் பங்கிடுவதற்கு என்ன வழி? இதுவே பேராசிரியர் முதல் நாள் கரும்பலகையில் எழுதிய வினா.

பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஒவ்வொரு கூட்டாளியின் பெயருக்கு எதிரே நான்கு கட்டங்கள்: கொடுப்பது, பெறுவது, இழக்கக்கூடியது, விலகினால். முதற்கட்டத்தை யாவரும் எளிதாக நிரப்பிவிட்டோம். இரண்டாவதை நிரப்பச் சற்றுக் கூச்சமாக இருந்தது. தொண்டு செய்ய வந்தவருக்கு ஆதாயம் உண்டென எழுதலாமா என்று ஒரு தோழி கேட்டார். எழுதியே தீரவேண்டும் என்றார் பேராசிரியர். ஒன்றும் பெறாமல் ஒருவர் கூட்டில் இருப்பதாகத் தோன்றினால், அவர் பெறுவதை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள். அல்லது அவர் விரைவில் போய்விடுவார் என்று பொருள்.

இவ்விடத்தில் என் பாடம் நினைவுக்கு வந்தது. உளுந்து, பயறு, நிலக்கடலை ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் அது மாற்றித் தருகிறது. செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. இதை இணைவாழ்வு என்று படித்து மதிப்பெண் வாங்கிவிட்டோம். ஆனால் உள்ளே குடியேறிய நுண்ணுயிர் சர்க்கரையை மட்டும் தின்றுகொண்டு சும்மா இருந்தால் என்ன ஆகும்? 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், சோயா மொச்சையின் முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானை நிரப்பிப் பார்த்தனர். நுண்ணுயிரால் தன் பங்கைத் தர இயலாத நிலை. அந்த முடிச்சுகளுக்குச் செல்லும் ஆக்சிஜனைச் செடி குறைத்துவிட்டது; அங்கிருந்த ரைசோபியத்தின் பெருக்கமும் குறைந்தது. செடி கோபித்துக்கொள்ளவும் இல்லை, வேரோடு வெட்டிவிடவும் இல்லை. வராததற்கேற்பக் கொடுப்பதையும் குறைத்தது. நம் ஒப்பந்தப் பத்திரங்களில் இத்தகைய ஏற்பாடு காண்பது அரிது. வாக்குத் தவறினால் ஒன்று பொறுத்துக்கொள்கிறோம், அல்லது வழக்குப் போடுகிறோம். இடைவழி எழுதி வைப்பதில்லை.

பம்மல் காட்டும் பாடம்

ஆராய்வதற்கு எங்கள் குழு எடுத்துக்கொண்டது தொலைவில் உள்ள எடுத்துக்காட்டு அன்று. பல்லாவரத்தை அடுத்த பம்மல்தான்.

குப்பையை ஊராரே முன்வந்து ஒழுங்கு செய்யலாம் என்னும் எண்ணத்தைச் சென்னையில் பரப்பியது, 1989-இல் திரு. எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம். தெருவுக்கொரு மன்றம்; வீட்டுக்குச் சிறு மாதச் சந்தா; மூன்று சக்கர வண்டியோடு ஒரு பணியாளர். அப்பணியாளருக்கு 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்', அதாவது தெருவை அழகாக்குபவர் என்று பெயரிட்டனர். பெயர் அழகானது. பம்மல் ஸ்ரீ சங்கரா நகரில் 1994-இல் திருமதி மங்களம் பாலசுப்பிரமணியன் அவர்களும் ஏறத்தாழப் பத்துப் பெண்களும் மகளிர் மன்றமாகச் சேர்ந்து இப்பணியில் இறங்கினர். அவர்கள் வெறுமனே குப்பையை வாங்கி வேறோர் இடத்தில் கொட்டிவிடவில்லை. மக்குவதையும் மக்காததையும் பிரித்தனர். மக்குவதை மண்புழு உரமாக்கினர். உரத்தை விற்றனர். உள்ளாட்சியின் துணையோடு பணி மேலும் பல தெருக்களுக்கு விரிந்தது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் 'எக்ஸ்னோரா கிரீன் பம்மல்' என்னும் அமைப்பாக வளர்ந்து, பெப்சிகோ நிறுவனத்தின் ஆதரவும் சேர்ந்தது.

இதனைத் தாளில் இட்டுப் பார்த்தோம். வீட்டார் கொடுப்பது சந்தாவும் பிரித்த குப்பையும். இவ்விரண்டில் பிரித்துக் கொடுப்பதே அரிதானது. காசைக் கேட்டால் தருவார்கள். மீன் முள்ளையும் பிளாஸ்டிக் பையையும் தனித்தனியே வையுங்கள் என்றால்தான் முகம் மாறும். ஆகவே வீட்டார் இங்கே வாடிக்கையாளர் மட்டும் அல்லர், கூலியில்லா வேலையாளும் கூட. இதை உணராமல் போடப்படும் திட்டங்கள் மூன்றாம் மாதம் நாறத் தொடங்குகின்றன. உள்ளாட்சி கொடுப்பது இடமும் அதிகாரமும். அமைப்பு கொடுப்பது நாள்தோறும் தவறாத கவனம். பெருநிறுவனம் கொடுப்பது பணம்.

பெருநிறுவனம் பெறுவது என்ன என்ற கட்டத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. குளிர்பானப் புட்டிகளை ஊரெங்கும் விற்கும் நிறுவனம் குப்பைக்கு உதவுவது கழுவாய் தேடும் செயலே, அப்பணத்தைத் தொடக்கூடாது என்றனர் சிலர். யார் பணமானாலும் புழுவுக்கு வேறுபாடு தெரியாது என்றனர் மற்றவர்கள். என் கருத்து இரண்டுக்கும் இடைப்பட்டது. நற்பெயர் வாங்கத்தான் வருகிறார் என்றால், அதை 'பெறுவது' என்னும் கட்டத்தில் வெளிப்படையாக எழுதி, எந்த அளவுக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம் என்பதையும் பேசி வைத்துக்கொண்டால் போதும். எழுதாமல் விட்டால்தான் பின்னர் உரப்பை மேல் யார் பெயர் பெரிதாக இருக்கவேண்டும் என்ற தகராறு எழும்.

நான்காவது கட்டம்தான் எங்களை அதிக நேரம் உட்கார வைத்தது. கூட்டாளி விலகினால் என்ன ஆகும் என்று எழுதும்போது, அவர் விருப்பப்பட்டு விலகுவதையே நினைக்கிறோம். விலகாமலே மறைந்துபோகும் கூட்டாளிகளும் உண்டு. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. நமக்கு அது பெருமைதான். ஆனால் கூட்டாண்மைக் கண்ணோடு பாருங்கள். நேற்றுவரை பம்மல் நகராட்சி என்றொரு கூட்டாளி இருந்தார், இன்று இல்லை. சட்டப்படி பழைய பொறுப்புகள் புதிய அமைப்புக்கு வந்து சேரும். ஆயினும் தெருவை அறிந்த அலுவலர், தொலைபேசியை எடுத்தால் பேசிய அலுவலர், அந்தப் பழக்கம் ஆகியவை பத்திரத்தோடு மாற்றிக் கொடுக்கப்படுவன அல்ல. உள்ளாட்சியோடு கூட்டுச் சேரும் எந்த அமைப்பும் ஒரே அலுவலரின் நல்லெண்ணத்தில் தொங்கக்கூடாது என்பதற்கு நம் பகுதியைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சென்னை நகருக்குள் இதற்கு முன்பே வேறொரு விதமாக நடந்தது. 2000-இல் மாநகராட்சி சில மண்டலங்களின் குப்பையை ஓனிக்ஸ் என்னும் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பளபளப்பான வண்டிகள் வந்தன. மாநகராட்சியே ஏற்பாடு செய்யும்போது மன்றத்துக்கு எதற்குச் சந்தா என்று வீட்டார் எண்ணினர். பல தெருக்களில் மன்றங்கள் ஓய்ந்துபோயின. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஒப்பந்தமும் மீறப்படவில்லை. கூட்டில் இல்லாத ஒருவர் செய்த முடிவு கூட்டைக் கலைத்தது.

வட்டத்துக்கு வெளியே

மூன்றாம் சனிக்கிழமை, கூட்டாளிகளை வட்டங்களாக வரைந்து கோடுகளால் இணைக்கச் சொன்னார்கள். மாதிரிக்கென ஒரு படம் கரும்பலகையில் இருந்தது: வீட்டார், உள்ளாட்சி, தொண்டமைப்பு, நிறுவனம், கல்லூரி. ஐந்து வட்டங்கள். வண்டி தள்ளுபவருக்கு வட்டம் இல்லை. 'செலவு' என்ற தலைப்பின்கீழ் 'கூலி' என்றொரு வரி இருந்தது; அவ்வளவே.

என் சித்தி புறநகர்ப் பகுதி ஒன்றில் வீடு வீடாகக் குப்பை வாங்கும் வேலை செய்கிறார். காலை ஐந்தரைக்கு வண்டியில் ஏறினால் திரும்பப் பகல் இரண்டு ஆகும். எந்த வீட்டில் நாய் உண்டு, எந்த வீட்டார் பிரித்து வைப்பார்கள், எந்த மாடியில் ஊசி மருந்துக் குழலைக் காகிதத்தில்கூடச் சுற்றாமல் போடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சில ஆண்டுகளுக்கு முன்பு அவர் வேலை செய்த ஒப்பந்த நிறுவனம் போய் வேறு நிறுவனம் வந்தது. கடைசி மாதச் சம்பளத்தைப் பழையவரிடம் கேட்டால் புதியவரிடம் போ என்றார். புதியவரிடம் கேட்டால் அது பழைய கணக்கு என்றார். அந்தப் பணம் வரவே இல்லை. அன்று மாலை இந்தப் படத்தைக் காட்டி, உங்களை யாராவது கேட்டுச் செய்தார்களா சித்தி என்றேன்.

"எங்கள யாருடா கேக்கப் போறாங்க? வண்டி வந்தா ஏறுவோம். வண்டிக்கு வேற பெயிண்ட் அடிச்சிருந்தா கம்பெனி மாறிடுச்சுன்னு தெரிஞ்சுக்குவோம்."

அடுத்த வாரம் ஆறாவது வட்டம் ஒன்றை நான் வரைந்து, நான்கு கட்டங்களையும் நிரப்பிக் கொண்டுபோனேன். கொடுப்பது: உடலுழைப்பும் தெருவைப் பற்றிய அறிவும். பெறுவது: கூலி. இழக்கக்கூடியது: உடல்நலம், நிலுவைச் சம்பளம். விலகினால்: மறுநாள் காலையே திட்டம் நின்றுவிடும். மற்ற ஐவரில் யார் விலகினாலும் திட்டம் சில மாதங்களாவது தள்ளாடி நடக்கும். ஒரே நாளில் நிறுத்தக்கூடியவர் இவர் ஒருவர்தான். கேட்கப்படாதவரும் இவர் ஒருவர்தான். பேராசிரியர் அத்தாளை வகுப்பில் உரக்கப் படித்தார். பிறகு கரும்பலகையில் ஆறாவது வட்டத்தை அவரே வரைந்தார்.

இது இயலாத கற்பனை அன்று. புனே நகரில் குப்பை பொறுக்குவோர் 1993-இல் ஒரு சங்கம் அமைத்தனர். அச்சங்கத்திலிருந்து 'ஸ்வச்' என்னும் கூட்டுறவு அமைப்பு பிறந்தது. 2008-இல் அது புனே மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கே வண்டி தள்ளுபவர்களே உறுப்பினர்கள், அவர்களே ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு. வீட்டார் தரும் மாதக் கட்டணம் இடைத்தரகர் இன்றி அவர்கள் கைக்கே போகிறது. உறுப்பினர் தொகை 3,000-ஐத் தாண்டியது. அதற்காக எல்லாம் சுகம் என்று சொல்லிவிட முடியாது. 2020 இறுதியில் ஒப்பந்தக் காலம் முடிந்தபோது நீட்டிப்புக்காக அவர்கள் தெருவில் இறங்கிக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் குரல் கொடுக்க ஒரு பெயரும், காட்ட ஒரு பத்திரமும் அவர்களிடம் இருந்தன. வண்டியின் பெயிண்டைப் பார்த்து அவர்கள் செய்தி தெரிந்துகொள்ளவில்லை.

திட்டமிடுதல்

ஆராய்வதைவிடத் திட்டமிடுவது கடினம். இதற்கு வகுப்பில் காட்டப்பட்ட எடுத்துக்காட்டுகளில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையே என் மனத்தில் நின்றது. 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. கிராம முகாம்களில் வேலைப் பங்கீடு மிகத் தெளிவானது. உள்ளூர் அமைப்பு இடம் பார்க்கிறது, விளம்பரம் செய்கிறது, மக்களைத் திரட்டுகிறது. மருத்துவமனை மருத்துவரையும் கருவிகளையும் கொண்டுவருகிறது. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை. இதைவிட முக்கியமானது வேறொன்று. அறுவை இலவசம் என்று அறிவித்தும் தொடக்கத்தில் பலர் வரவில்லை. விசாரித்தபோது பேருந்துக் கட்டணம், உணவு, துணைக்கு வருபவரின் கூலியிழப்பு ஆகியவையே தடை எனத் தெரிந்தது. முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துச் சென்று, உணவளித்து, திரும்பக் கொண்டுவந்து விடும் ஏற்பாடு செய்தபின் வருகை உயர்ந்தது. பயனாளியைக் கூட்டாளியாக எண்ணிக் கேட்டதால் கிடைத்த விடை அது. 1992-இல் சேவா ஃபவுண்டேஷன் முதலிய அமைப்புகளின் துணையோடு ஆரோலேப் தொடங்கப்பட்டு, 100 டாலருக்கு மேல் இறக்குமதியான கண்வில்லை 10 டாலர் அளவில் இங்கேயே செய்யப்பட்டது. நன்கொடையாக வில்லையை வாங்கிக்கொண்டே இருந்திருக்கலாம். வில்லை செய்யும் திறனை வாங்கிக்கொண்டார்கள். கூட்டாளியிடம் எதைக் கேட்பது என்று அறிந்து கேட்ட இடம் இதுவே.

பெயர் பெற்றவர்கள் கூடினால் மட்டும் காரியம் நடந்துவிடாது என்பதற்கு வங்காளதேசம் சான்று. கிராமீன் அமைப்பும் பிரான்சின் டனோன் நிறுவனமும் 2006-இல் கூட்டுச் சேர்ந்து, ஏழைக் குழந்தைகளுக்குச் சத்தூட்டிய தயிரை 5 டாக்காவுக்கு விற்க முனைந்தன. பால் விலை ஏறியதால் 2008-இல் தயிர் விலையை 8 டாக்கா ஆக்கினர். கிராமங்களில் விற்பனை சரிந்தது. பிறகு கிண்ணத்தைச் சிறிதாக்கி 6 டாக்காவுக்கு இறங்கி வந்தனர். பால் விலை ஏறினால் பாரத்தை யார் சுமப்பது என்பதற்கு முன்கூட்டியே விடை இருந்திருந்தால் வாங்குபவர் தலையில் அவ்வளவு திடீரென அது விழுந்திராது என்று எனக்குத் தோன்றுகிறது.

பெருநிறுவனப் பணத்தைப் பற்றி ஒரு செய்தி. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நம்மில் பலருக்கு இது தெரியும். 2021-இல் வந்த திருத்த விதிகளின்படி, தொடர்திட்டம் என்பதற்குத் தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக 3 ஆண்டே வரம்பு என்பது பலருக்குத் தெரியாது. ஆக, அப்பணத்தில் நிற்கும் திட்டம் பிறக்கும்போதே அதன் சாதகத்தில் ஒரு கண்டம் எழுதியிருக்கிறது. வண்டி வாங்கவும் கொட்டகை போடவும் அப்பணத்தைப் பயன்படுத்தலாம். மாதக் கூலியை அதன்மேல் ஏற்றக்கூடாது.

இனி எங்கள் குழு போட்ட திட்டத்துக்கு வருகிறேன். கல்லூரியைச் சுற்றியுள்ள 300 வீடுகளில் மக்கும் குப்பையை வாங்கி, தாவரவியல் தோட்டத்தின் பின்புறம் உரமாக்கி, மாடித்தோட்டம் வைத்திருப்போருக்கு விற்பது. கூட்டாளிகள்: குடியிருப்போர் நலச்சங்கம், மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றிலிருந்து இரு பணியாளர்கள், கல்லூரி, மாநகராட்சி. கீழ்வரும் எண்கள் கணக்குப் பழகுவதற்காக நாங்களே வைத்துக்கொண்டவை.

வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வீதம் 300 வீடுகளுக்கு 15,000. ஆனால் மூன்றில் ஒரு வீட்டார் தரமாட்டார்கள் என்று வைத்தே கணக்குப் போடு என்றார் பேராசிரியர், ஆகவே 10,000. வீட்டுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ மக்கும் குப்பை என்றால் 150 கிலோ. அது ஐந்தில் ஒரு பங்கு உரமானால் நாளுக்கு 30 கிலோ, மாதத்துக்கு 900 கிலோ. அதிலும் பாதிதான் விற்கும் என்று கொண்டு, கிலோ 10 ரூபாய் வீதம் 4,500. மொத்த வரவு 14,500. செலவு: இரு பணியாளர்களுக்குத் தலைக்கு 12,000 வீதம் 24,000, வண்டிப் பழுது, சாக்கு, கையுறைக்கு 2,000, ஆக 26,000. துண்டு விழுவது 11,500.

இந்த 11,500-ஐ என்ன செய்வது? கூலியைக் குறைத்து அரைநாள் வேலையாக்கிவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். கணக்கு நேராகிவிடும்; அரைநாள் கூலியில் குடும்பம் நேராகுமா என்று சுயஉதவிக் குழுப் பெண் ஒருவர் திருப்பிக் கேட்டார். ஆறாவது வட்டத்தை வகுப்பில் உட்கார வைத்ததன் பயன் அன்று தெரிந்தது. அவரே இன்னொன்றும் சொன்னார்: "கல்யாண மண்டபத்து எலை எவ்வளவு வருதுன்னு பாத்தீங்களா?" நாங்கள் பார்த்ததில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்குவோரைப் பெருமளவில் உண்டாக்குவோர் எனத் தனியே வகைப்படுத்தி, கழிவைக் கையாளும் பொறுப்பை அவர்கள்மேல் சுமத்தின. பொறுப்புள்ளவருக்கு நாம் பணி செய்து கொடுத்தால் அது தருமம் கேட்பதாகாது. இரு மண்டபங்கள் மாதம் 3,000 வீதம் தந்தால் 6,000. துண்டு 5,500-ஆகச் சுருங்குகிறது. இலையையும் இதே இருவர் சுமக்க முடியுமா என்பதை முகூர்த்த நாள்களில் ஒரு மாதம் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

மீதி 5,500-க்கு மாநகராட்சியிடம் போகலாம் என்பது எங்கள் எண்ணம். வெறுங்கையோடு அன்று. வீடுகளிலிருந்து மட்டும் நாளுக்கு 150 கிலோ வீதம் மாதம் 4.5 டன் குப்பை லாரியேறாமல் இங்கேயே முடிகிறது. 5,500-ஐ 4.5-ஆல் வகுத்தால் டன்னுக்கு ஏறத்தாழ 1,222 ரூபாய். 'நிதியுதவி அளிக்கக் கோருகிறோம்' என்று மனு எழுதுவதற்கும், 'உங்கள் லாரிச் செலவில் டன்னுக்கு 1,222 ரூபாயை எங்களுக்குத் தாருங்கள்' என்று கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. டன்னுக்கு அவர்களுக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவானால் நம் கோரிக்கை நிற்காது. அதையும் முதலிலேயே கேட்டறிந்துவிடுவது நல்லது.

எஞ்சியது ஒன்று. கூட்டு கலைந்தால் பணியாளரின் நிலுவைச் சம்பளம்? என் சித்திக்கு நேர்ந்தது இவர்களுக்கு நேரக்கூடாது. இருவரின் இரண்டு மாதக் கூலியான 48,000 ரூபாய் எப்போதும் வங்கியில் தனியே இருக்கவேண்டும் என்று ஒப்பந்த வரைவில் எழுதினோம். எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு நம் பக்கத்து ஆலந்தூர் விடை தந்தது. 1990-களின் பிற்பகுதியில் ஆலந்தூர் நகராட்சித் தலைவராக இருந்த திரு. ஆர்.எஸ். பாரதி அவர்கள் காலத்தில், பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத்தொகை கேட்கப்பட்டது. குழாய் பதிக்கும் முன்பே பல்லாயிரம் வீட்டார் கட்டினார்கள். குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிக் கூட்டி விளக்கியதும், அப்பணத்தைப் பொதுக் கணக்கில் கலக்காமல் தனியே வைத்ததும் அந்நம்பிக்கைக்குக் காரணங்கள். 2011-இல் ஆலந்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்து மறைந்தது. குழாய்கள் மண்ணுக்கடியில் இருக்கின்றன.

எங்களுக்கு வேண்டியது 5,000 அன்று. 48,000-ஐச் சந்தா தரக்கூடிய 200 வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 240 ரூபாய், ஒரே ஒரு முறை. வண்டியைக் கண்ணில் காட்டாமல் வைப்புத்தொகை கேட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்கிறார் நலச்சங்கத் தலைவர். வைப்புத்தொகை இல்லாமல் வண்டியைத் தொடமாட்டோம் என்கிறார்கள் சுயஉதவிக் குழுவினர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே பருவத் தேர்வு முடிந்ததும் முதலில் 20 வீடுகளில் மட்டும் கேட்டுப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. அந்த 20-இல் நம் பேராசிரியர்கள் நால்வரின் வீடுகளும் அடங்கும். இம்மலர் அவர்கள் கைக்கு வரும்போது நாங்கள் அழைப்பு மணியை அழுத்தியிருப்போம்.